துவக்கில் செய்த நாற்காலியை அழகு என்று சொல்லலாமா?

9 பெப்ரவரி, காலை: கரிசல்காரன் கேட்டது

ஒரு படம் பார்த்தேன். பழைய துப்பாக்கிகளை வெட்டி, பற்றவைத்து ஒரு நாற்காலி. லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம். கீழே ஆளாளுக்கு "என்ன அழகு" என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆளைக் கொன்ற இரும்பை வைத்து அழகு பார்ப்பது செத்தவர்களுக்கு அவமரியாதை இல்லையா? போரின் குப்பையை உருக்கி ஏர்க் கொழு செய்யட்டும், கலை எதற்கு? லண்டனில் இருக்கும் அக்கா யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

9 பெப்ரவரி, இரவு

பார்த்திருக்கிறேன் தம்பி. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆப்பிரிக்கக் கூடத்தில். நீங்கள் கேட்கிற ஏர்க் கொழுவில் இருந்துதான் அந்தக் கதையே தொடங்குகிறது, அதனால் முதலில் அதைச் சொல்கிறேன்.

மொசாம்பிக். போர்த்துக்கீசரிடம் இருந்து 1975இல் விடுதலை. 1977இல் உள்நாட்டுப் போர், 1992 ஒக்டோபரில் ரோமில் ஒப்பந்தம். ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்துப்போனார்கள். சண்டை நின்றாலும் துவக்குகள், உங்கள் பேச்சில் துப்பாக்கிகள், எங்கும் போகவில்லை. மண்ணுக்கடியில், கூரைக்குள், பரணில் கிடந்தன. 1995இல் டினிஸ் செங்குலானே என்ற அங்கிலிக்கன் ஆயர், மொசாம்பிக் கிறிஸ்தவ சபையோடு சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினார். துவக்கைக் கொண்டுவந்து கொடு, மண்வெட்டி வாங்கிக்கொண்டு போ. சிலருக்குத் தையல் மெஷின், சிலருக்குச் சைக்கிள், சிலருக்கு ஏர். ஓர் ஊர் 500 ஆயுதங்களைச் சேர்த்துக் கொடுத்து ஒரு டிராக்டரே வாங்கியது. படுக்கையறையில் துவக்கை வைத்துக்கொண்டு தூங்குவது பாம்போடு தூங்குகிற மாதிரி, ஒருநாள் திரும்பிக் கடிக்கும் என்று அந்த ஆயர் சனங்களிடம் சொல்லிவந்தார்.

வந்த ஆயுதங்களை இனிச் சுட முடியாதபடி அழித்தார்கள். அறுத்த துண்டுகளில் ஒரு பகுதி மப்புட்டோ நகரத்தில் நுக்லியோ டி ஆர்ட் என்ற கலைஞர் கூட்டமைப்புக்குப் போனது. கெஸ்டர் என்கிற கிறிஸ்டோவாவோ கன்யவாட்டோ அந்த நாற்காலியைச் செய்தது 2001இல். அருங்காட்சியகம் அதை வாங்கியது அடுத்த வருடம்.

ஆக, மண்வெட்டி ஏற்கெனவே சனங்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்ச இரும்பில்தான் நாற்காலி.

10 பெப்ரவரி, மதியம்

நேற்று எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேனோ என்று யோசித்தபடி இருந்தேன். படத்தில் தெரியாத ஒன்று இருக்கிறது. நாற்காலியின் முதுகைப் பாருங்கள். இரண்டு ஜி3 துவக்குகளின் மரப் பிடிகள் மேலே நிற்கின்றன. போர்த்துக்கல் வைத்திருந்த பழைய துவக்குகள். ஒவ்வொரு பிடியிலும் ஆணி போன இரண்டு ஓட்டைகள், அவற்றுக்குக் கீழே தோள்வார் கோர்க்கிற நீளப் பிளவு. இரண்டு கண், ஒரு வாய். முகம் சிரிக்கிறது. கெஸ்டர் அதைச் செதுக்கவில்லை; துவக்கில் இருந்தபடியே கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இருக்கைக்குப் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா. கைப்பிடியில் சோவியத் ஏகே-47. முன்கால் ஒன்று வட கொரியாவில் இருந்து வந்த குழல். ஆப்பிரிக்காவில் செய்த துவக்கு ஒன்றுகூட அதில் கிடையாது. செத்தவர்களில் பெரும்பாலோர் மொசாம்பிக் மண்ணின் ஆட்கள், ஆயுதம் முழுக்க வெளியூர்ச் சாமான். யார் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்ற கணக்கு அந்த நாற்காலியில் இரும்பாகவே கிடக்கிறது. அதை உருக்கி ஏர்க் கொழு அடித்திருந்தால் கணக்கும் உருகியிருக்கும். எனக்கு இந்த இடம்தான் பெரிது.

10 பெப்ரவரி, இரவு

"கெஸ்டர் போரைப் பார்த்தவரா, வெளியே இருந்து பார்த்துச் செய்தவரா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தனக்கு நேரடியாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அவர் சொல்கிறார். ஆனால் அவருடைய உறவில் இரண்டு பேர் காலை இழந்தவர்கள். ஒரு பெண் மிதிவெடியில், இன்னொருவர் அரசுக் கட்சியான பிரெலிமோ பக்கம் சண்டைக்குப் போய்.

13 பெப்ரவரி

நாற்காலியை விட்டுவிட்டுக் கொடிக்குப் போகிறேன், கோபிக்காதீர்கள். மொசாம்பிக் தேசியக் கொடியில் விரிந்த புத்தகம், அதன்மேல் ஒரு மண்வெட்டி, அதைக் குறுக்கே வெட்டியபடி கத்தி செருகிய ஒரு துவக்கு. இன்றைக்கும் அப்படித்தான். 2005இல் புதுக் கொடிக்குப் போட்டியே வைத்தார்கள். உள்நாட்டுப் போரில் அரசை எதிர்த்துச் சண்டை பிடித்த ரெனாமோ கட்சி, துவக்கை எடு என்று நின்றது. எடுக்கவில்லை.

அரசுக்குத் துவக்கு, விடுதலை வாங்கித் தந்த சாமான். மிதிவெடியில் கால் போன பெண்ணுக்கு அப்படியா? ஒரே நாட்டில், ஒரே காலத்தில், கொடியில் முழுத் துவக்கு பறக்கிறது, பட்டறையில் அதே துவக்கை அறுக்கிறார்கள். கலையைப் பண்பாட்டு எதிர்ப்பு என்று சொல்வது எனக்கு இந்த இடத்தில் சரியாகப் பொருந்துகிறது. எதிரி நாட்டை எதிர்ப்பது சுலபம். சொந்தக் கொடியில் இருப்பதை வெட்டி வேறொன்று செய்ய வேறு தைரியம் வேண்டும்.

16 பெப்ரவரி, அதிகாலை

கரிசல்காரன் தம்பி விடுகிறார் இல்லை. "உருக்கினால் என்ன குறை" என்கிறார். நல்ல கேள்வி. என்னிடம் ஒரே பதில் இல்லை, இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது லாவோஸ். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 5,80,000 தடவை பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு கொட்டின. கொத்துக் குண்டுகளுக்குள் இருந்த சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி. அவற்றில் மூன்றில் ஒரு பங்குவரை வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. அந்தச் சிறு குண்டை அங்கே "பொம்பி" என்கிறார்கள். சியெங் குவாங் மாகாணத்தில் கொத்துக் குண்டின் நீள உறையைப் பிளந்து, கால் வைத்து நிறுத்தி, மண் நிரப்பி வெங்காயத்தாள் வளர்க்கிறார்கள். உறைகளை வீட்டுக்குத் தூணாக நட்டிருக்கிறார்கள். விமானம் கழற்றிப் போட்ட எண்ணெய்த் தாங்கியில் ஓடம். பான் நாப்பியா என்ற கிராமத்தில் அலுமினியத் துண்டுகளை மண் அடுப்பில் உருக்கி, மரச் சட்டத்துக்குள் சாம்பலில் எடுத்த அச்சில் ஊற்றிக் கரண்டி வார்க்கிறார்கள். 1970களில் இருந்து நடக்கிற வேலை. சந்தையில் நூடில்ஸ் கடைக்காரர்கள் வாங்கினார்கள், பிறகு சுற்றுலாக்காரர்கள் வந்ததும் வளையல், சாவிக்கொத்து என்று போனது.

அந்தக் கரண்டியைக் கையில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. கனமே இல்லை. யாராவது சொன்னால்தான் உண்டு. வாய்க்கு வாய் சொல்கிற ஆள் இருக்கும்வரை அது நினைவு. ஆள் போனால் அது கரண்டி மட்டும். தம்பி கேட்ட குறை இதுதான். ஆனால் அந்தச் சனத்துக்கு அன்றைக்குக் கரண்டிதான் தேவைப்பட்டது, அதில் நான் குறை பிடிக்க மாட்டேன்.

இரண்டாவது கொலம்பியா. அரசும் ஃபார்க் கெரில்லாக்களும் போட்ட 2016 சமாதான ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள்: கெரில்லாக்கள் ஒப்படைக்கிற ஆயுதத்தில் மூன்று நினைவுச் சின்னங்கள் செய்ய வேண்டும் என்று. ஒன்று நியூயார்க், ஒன்று கியூபா, ஒன்று சொந்த நாட்டில். தலைநகர் பொகோட்டாவில் சிற்பி டோரிஸ் சால்சேடோ செய்தது 2018இல் திறந்தது. 37 டன் ஆயுதத்தை உருக்கித் தரை ஓடு வார்த்துவிட்டார். நிமிர்ந்து நிற்கிற தூண் எதுவும் வேண்டாம், சனம் அதன்மேல் நடக்கட்டும் என்பது அவர் முடிவு. ஓட்டுக்கு அச்சு செய்தது யார் தெரியுமா? போரில் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்கள். உலோகத் தகட்டைச் சுத்தியலால் அடித்து அடித்து நெளித்தார்கள். அந்த அடியின் பள்ளமும் மேடும் அப்படியே தரையில் பதிந்திருக்கிறது. துவக்கின் உருவம் போய்விட்டது. அதற்குப் பதிலாக அடித்த கை தெரிகிறது.

16 பெப்ரவரி, இரவு

காலையில் எழுதியதைத் திருப்பி வாசித்தேன். உருக்குவதா, அப்படியே விடுவதா என்பது முதல் கேள்வி இல்லை போலிருக்கிறது. யார் உருக்கினார்கள், யார் அறுத்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். பொகோட்டாத் தரையை ஒரு கம்பனி மெஷினில் வார்த்திருந்தால் எனக்கு அதில் நடக்கவே மனம் வராது.

17 பெப்ரவரி

அவசரமாக ஒன்று. "நாங்களும் சேர்ப்போம், எங்கே கிடைக்கும்" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம். லாவோஸில் பழைய இரும்பு பொறுக்கப் போய்ச் செத்தவர்கள் நிறைய, அதில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. மொசாம்பிக்கில் மிதிவெடி எல்லாம் எடுத்தாயிற்று என்று அறிவிக்க 2015 ஆனது, சண்டை நின்று 23 வருடம் கழித்து. அங்கே வேலை செய்த ஹேலோ டிரஸ்ட்தான் இலங்கையின் வன்னியிலும் கண்ணிவெடி எடுக்கிறது. அதில் நிலத்தில் முழந்தாளிட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். அவர்கள் கைபட்டு, பாதுகாப்பானது என்று உறுதியான பிறகுதான் மற்றவன் கை படலாம். இதற்கு மேல் இதில் விவாதம் இல்லை.

22 பெப்ரவரி

"ஈழத்தில் ஏன் ஒரு நாற்காலி இல்லை?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். எழுத நாலைந்து நாளாகத் தள்ளிப்போட்டேன்.

மொசாம்பிக்கில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். துவக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தவனை ஏன் வைத்திருந்தாய் என்று கேட்கக் கூடாது என்பதில்தான் அந்தத் திட்டமே நின்றது. 2009 மேயில் போர் முடிந்த பிறகு வன்னியில் ஒரு வெற்றுத் தோட்டாக் கோதை வீட்டில் எடுத்து வைத்திருக்க யாருக்குத் துணிவு வரும்? எங்கள் பெரியம்மா சொல்வார், முள்ளிவாய்க்காலில் சைக்கிள், மோட்டார் சைக்கிள், பஸ், லொறி எல்லாம் மலைமலையாகக் குவிந்து துருப்பிடித்துக் கிடந்ததாம். பிறகு பழைய இரும்புக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். ஒவ்வொரு சைக்கிளும் ஒரு குடும்பத்தின் சாமான் ஏற்றி வந்த சைக்கிள்.

அங்கே போர்க் குப்பையை நினைவுச் சின்னமாக்கியது வென்ற பக்கம். கிளிநொச்சியில் ஒரு பெரிய கொங்கிறீட் கட்டி, அதைத் துளைத்துக்கொண்டு ஒரு செல் (பீரங்கிக் குண்டு), வெடிப்பு, மேலே ஒரு தாமரை. அதே ஊரில் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியை அப்படியே விட்டு, அழிவு இனி வேண்டாம் என்று பலகை நட்டு, பக்கத்தில் நினைவுப் பொருள் கடையும் வைத்தார்கள். தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்து பார்த்தார்கள். அந்தத் தாங்கியில் தண்ணீர் குடித்த சனத்திடம் யாரும் ஒரு வரி கேட்டு எழுதவில்லை. இடிபாடு அவர்களுடையது, பலகை வேறு ஆட்களுடையது.

ஆனால் இல்லை என்றும் சொல்ல மனம் வரவில்லை. எங்கள் ஆட்கள் செய்தது வேறு விதம்.

1990இல் கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் வருகிற யாழ்தேவி ரயில் நின்றது. கொஞ்சக் காலத்தில் தண்டவாளமும் நின்ற இடத்தில் இல்லை. கழற்றி, பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) மேலே குறுக்காகப் போட்டார்கள். அதற்கு மேல் சிலீப்பர் கட்டை, மேலே மண்மூட்டை. தண்டவாளம் கிடைக்காத வீட்டில் பனங்குற்றி. எங்கள் வீட்டுப் பங்கர் பனங்குற்றிதான், மழைக்குக் கறையான் பிடித்து ஒரே புழுங்கல் நாற்றம். கொழும்புக்குப் போகிற பாதை எங்கள் தலைக்கு மேல் கூரையாகிக் கிடந்தது. பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் தங்கம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு எண்ணெய், ஒரு சின்னத் திரி. அந்த விளக்கில் ஏ லெவல் படித்த தலைமுறை நாங்கள். செய்தி கேட்க வேண்டும் என்றால் ஒருவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்ற வேண்டும், டைனமோவில் ரேடியோ பாடும். சுற்றுகிற ஆள் களைத்தால் செய்தியும் இழுபடும்.

வன்னியின் கடைசி மாதங்களில் மண்மூட்டைக்குச் சாக்கு முடிந்துவிட்டது. சேலையில் தைத்தார்கள். இது உங்களில் பலர் கேள்விப்பட்டதுதான். பெரியம்மா தன் கூறைச்சேலையை வெட்டியவர். பட்டு நெருக்கமான நெசவு, மண் ஒழுகாது என்று பருத்தியை விட்டுப் பட்டையே எடுத்தார்களாம். ஊசியால் கையாலேயே தைத்தது. நான் ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன், கரையை என்ன செய்தீர்கள் என்று. "சரிகையை உள்ளுக்கு வைச்சுத் தைச்சனாங்கள் பிள்ளை, வெயிலுக்கு மினுங்கினா வண்டு கண்டுடும்" என்றார். வண்டு என்றால் மேலே சுற்றுகிற ஆளில்லா விமானம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

இதைச் செய்யும்போது அவர் கலை என்று நினைக்கவில்லை. நானும் கலை என்று சொல்ல வரவில்லை. ஆனால் கெஸ்டரின் நாற்காலியில் நான் பார்ப்பதும் இந்தக் கைவேலையைத்தான்.

23 பெப்ரவரி

நேற்றைய குறிப்பைப் பார்த்துவிட்டு மூன்று பேர் தனித்தனியாகத் தா. சனாதனனைச் சொன்னார்கள். சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிப்பிக்கிறவர், ஓவியர். டச்சுக்காரர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரில் 2011இல் ஒரு நூல் செய்தார். இடம்பெயர்ந்தவர்களிடம் போய், விட்டுவந்த வீட்டை நினைவில் இருந்து கீறித் தரச் சொன்னார். நடுங்கிய கோட்டில் அவர்கள் கீறியது ஒன்று, அதையே கட்டடக் கலைஞர் முறைப்படி வரைந்தது ஒன்று, பிறகு சனாதனன் வரைந்த ஓவியம். வீடு இல்லை, ஓடு இல்லை, ஒரு கல்கூடக் கையில் இல்லை. எடுத்து அறுக்க இரும்பு கிடைக்காத இடத்தில் கிணறு எந்தப் பக்கம், வேம்பு எந்தப் பக்கம் என்ற ஞாபகத்தைப் பொறுக்கியிருக்கிறார்.

இன்னொரு வேலையில் நூலக அட்டைப் பெட்டி மாதிரி ஒன்று வைத்து, போருக்குள் சனம் எதை வைத்துப் பிழைத்தது என்ற கதைகளை அட்டை அட்டையாக அடுக்கினார். கொச்சி பினாலே கலைக் கண்காட்சிக்கு 2016இல் வந்தது. இழுத்து இழுத்து வாசிக்கலாம்.

சிங்களப் பக்கம் யாரும் இல்லையா என்று கேட்ட தம்பிக்கு: ஓவியர் சந்திரகுப்த தேனுவர. 1997இல் கொழும்புச் சோதனைச் சாவடிகளில் நின்ற தார்ப் பீப்பாய்களை, அந்த இராணுவ நிறத்தோடேயே கண்காட்சிக் கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். தினமும் கடந்து போய்ப் பழகிவிட்ட பொருளை உள்ளே வைத்து, இது பழகக் கூடியதா என்று கேட்டார். ஒவ்வொரு ஜூலை 23க்கும் கறுப்பு யூலையை நினைத்துக் கண்காட்சி வைக்கிறவர்.

1 மார்ச்

கரிசல்காரன் தம்பி: "அக்கா, எல்லாம் போர் முடிந்த பிறகு செய்தது. போர் நடக்கும்போதே செய்தால் அதுவும் நினைவா?"

நடக்கும்போது செய்தால் அதற்கு வேலை வேறு. உக்ரைனில் ஒலெக்சாண்டர் கிளிமென்கோவும் சோஃபியா அட்லாண்டோவாவும் வெடிமருந்துப் பெட்டிகளின் மரப் பலகையில் திருவுருவங்கள் தீட்டுகிறார்கள். ஆணித் துளை, இரும்புப் பட்டை எல்லாம் அப்படியே இருக்கும், நடுவே மாதாவின் முகம். விற்ற காசு போர்முனையில் இயங்குகிற நடமாடும் மருத்துவமனைக்குப் போகிறது. குண்டு சுமந்து வந்த பலகை காயம் கட்ட உதவுகிறது.

பாலஸ்தீனத்தில் பில்இன் கிராமம். 2009 ஏப்ரலில் பாசெம் அபு ரஹ்மா கண்ணீர்ப்புகைக் குண்டு நெஞ்சில் பட்டு இறந்த இடத்தில், ஊர்ச் சனம் சுட்டு முடிந்த குண்டுக் கோதுகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் மண் போட்டுச் செடி வைத்தார்கள். அங்கே செய்தவருக்கு ஓவியர் என்ற பட்டம் எல்லாம் கிடையாது. தண்ணீர் ஊற்றினால் செடி வந்தது, அடுத்த வெள்ளிக்கிழமைப் போராட்டத்தில் கோதும் வந்தது.

உங்கள் முதல் கேள்விக்கு, அழகு என்று சொல்லலாமா என்பதற்கு, இங்கேதான் எனக்குப் பதில் கிடைக்கிறது. அந்தச் செடியை அழகு என்று சொல்லும் உரிமை அந்த ஊருக்கு இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு நான் சொல்வது அவர்களுக்குப் பிறகுதான்.

4 மார்ச்

விற்பனை பற்றிக் கேட்டவருக்கு. ஆம், விற்கிறார்கள். கொன்சாலோ மபுண்டா, 1975இல் மப்புட்டோவில் பிறந்தவர், அதே பட்டறைகளில் இருந்து வந்தவர். சன்னக் கோது, துவக்குக் குழல், குண்டுகளின் பாகங்கள் வைத்து முகமூடியும் சிம்மாசனமும் செய்கிறார். 2015 வெனிஸ் பினாலேக்குப் போனார். அவர் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, கைத்திறன் அபாரம். சம்பாதிக்கட்டும், ஏன் கூடாது? சேகரிப்பாளர் வீட்டுச் சுவரில் அந்த முகமூடி தொங்கும்போது பக்கத்தில் என்ன எழுதியிருக்கும் என்பதுதான் என் கவலை. கலைஞர் பெயர் இருக்கும், வருடம் இருக்கும், பொருள் "ஆயுதத் துண்டுகள்" என்று இருக்கும். எந்த ஊர் மண்ணில் இருந்து வந்தது, கொடுத்தவர் அதற்கு என்ன வாங்கினார், தையல் மெஷினா, ஏரா? அந்த ஒரு வரி வேண்டும். அது இல்லாவிட்டால் பான் நாப்பியாக் கரண்டிக்கு நடப்பதுதான் இதற்கும் நடக்கும்.

7 மார்ச்

கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிற ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: அப்பாவின் காலில் இருந்து எடுத்த செல் துண்டு ஒன்று வீட்டு அலுமாரியில், மாத்திரைப் போத்தலுக்குள் கிடக்கிறதாம். சிற்பம் செய்கிற நண்பரிடம் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கொடுப்பதை அப்பா தீர்மானிக்கட்டும் தம்பி. அதற்கு முன் இந்த வார இறுதியில் அவரோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள். எந்த ஊர், எந்த வீதி, காலையா மாலையா, பக்கத்தில் யார் நின்றார்கள், யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள், மயக்க மருந்து இருந்ததா. அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பெயர்களை வெளியே போடுவது பற்றிப் பிறகு யோசிக்கலாம், வீட்டுப் பிரதியில் எல்லாம் இருக்கட்டும். துண்டைத் தேய்த்து மினுக்க வேண்டாம். நண்பர் செய்கிறார் என்றால், எழுதிய தாளும் சிற்பத்தோடேயே போகும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் போத்தலுக்குள்ளேயே இருக்கட்டும்.

மற்றவர்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால் இங்கே படம் போடுவதற்கு முன் அந்தத் தாளை எழுதுங்கள்.